சோலார் பேனல் ஓரத்தில் கசியும் தண்ணி

போன ஐப்பசி மழையில் தென்னை மட்டை விழுந்து எங்க மொட்டை மாடி சோலார் பேனல் ஒன்றின் அலுமினிய பிரேம் மூலையில் பிளந்துவிட்டது. கண்ணாடி தப்பியது. சரி பண்ண வந்த தம்பி ஒரு சிலிகோன் டியூபை எடுத்து நாலு பக்கமும் பூசினார். "இனிமே ஒரு சொட்டு தண்ணி இறங்காது சார்." பிரேமின் அடியில் இருந்த சின்ன ஓட்டைகளையும் விடவில்லை, அடைத்துவிட்டார். அடுத்த மழை முடிந்து பேனலைச் சாய்த்தால் பிரேமின் பொந்துக்குள் தண்ணி குலுங்குது! அந்த ஓட்டைகள் உள்ளே போன தண்ணி வெளியே வருவதற்காக விட்டவை. பூசினதைச் சுரண்டி எடுக்கும்போதுதான், பேனலை மழையிலிருந்து காப்பாற்ற முதலில் யார் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

1954-இல் பெல் ஆய்வகம் சிலிக்கான் சோலார் செல்லைக் காட்டியது. மறு வருஷமே ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் ஊரில் டெலிபோன் லைனுக்கு வைத்துப் பார்த்தார்கள். ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை. 1958-இல் வான்கார்டு 1 செயற்கைக்கோளில் ஏறிய பிறகு, ரொம்ப காலம் சோலார் செல்லின் முக்கிய வாடிக்கையாளர் விண்வெளிதான். அங்கே மழை ஏது?

1973 வாக்கில் எலியட் பெர்மன், எக்ஸான் பணத்தில் தொடங்கிய கம்பெனி மூலம் விலையைக் குறைத்து, மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்க் கிணறு மேடைகளில் எச்சரிக்கை விளக்குகளுக்குப் பேனல் விற்றார். அந்தக் காலத்துப் பல பேனல்களில் செல்லின் மேல் மூடி சிலிகோன் ரப்பர். (சிலிக்கான் வேறு, சிலிகோன் வேறு. ஹார்டுவேர் கடையில் ரெண்டும் ஒண்ணுதான்.) அந்த மெத்து ரப்பரில் தூசி அப்பிக்கொள்ளும், கழுவினாலும் லேசில் போகாது.

1975-இல் ஜே.பி.எல். ஆய்வகம் இதைக் கையில் எடுத்தது. கம்பெனிகளிடம் பிளாக் பிளாக்காக, ஐந்து தவணையில் பேனல் வாங்கி, ஈரத்திலும், உறைபனிக்கும் கொதிக்கும் சூட்டுக்கும் மாற்றி மாற்றியும் வாட்டினார்கள். இணைப்புக் கம்பி அறுந்தது, செல் விரிசல் விட்டது, அடுக்குகள் பிரிந்தன. இப்படி அடிபட்டு அடிபட்டுத்தான் முன்னால் கண்ணாடி, செல்லுக்கு இருபுறமும் ஈ.வி.ஏ. பிளாஸ்டிக், பின்னால் ஷீட், ஓரத்தில் சீல், வெளியே பிரேம் என்ற அடுக்கு நிலைத்தது. இதில் நான் கவனித்தது ஒன்று. செல்லைக் காப்பது முதலில் அந்த ஈ.வி.ஏ. ஒட்டு. பிரேம் தாங்குவதற்கு, ஓர சீல் அதற்குத் துணை. ஒட்டு விட்டுப் போனால் வெளியே எவ்வளவு பூசினாலும் பிரயோஜனமில்லை.

இதற்கு ஒரு பெரிய சாட்சி கலிபோர்னியாவின் காரிசோ சமவெளி. 1980-களில் ஆர்கோ சோலார் அங்கே 5 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் மேலான நிலையம் கட்டி, வெளிச்சம் கூட்ட பக்கத்தில் கண்ணாடிகளையும் வைத்தது. சூடு தாங்காமல் ஈ.வி.ஏ. டீ டிகாஷன் நிறத்துக்குப் போய்விட்டது. 1990-களில் பிரித்து விற்றபோது, கரண்ட் லைன் எட்டாத வீட்டுக்காரர்கள் பழுப்பேறிய பேனல்களை மலிவாக அள்ளினார்கள். பல பேனல்களுக்கு பிரேமே கிடையாது. நாலு நாலாகச் சேர்த்து பிரேம் கட்டினார்கள். பிரேம் புதுசாச்சு, பழுப்பு போகவில்லை.

ஈ.வி.ஏ. சிதையும்போது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அமிலம் கசியும். அது செல்லின் உலோகக் கோடுகளை அரிக்கும். அந்தத் தம்பி பூசின டியூபை முகர்ந்தால் அதே புளிச்ச வாடை! காயும்போது அந்த அமிலத்தை விடும் மலிவு ரகம். பேனலுக்கு வாடையில்லாத 'நியூட்ரல்' ரகம்தான் சரி.

அப்புறம் நான் செய்தது இது. மூலையில் மட்டும் புது இணைப்புத் துண்டு போட்டேன். கண்ணாடி ஓரத்தில் துளை போடவே இல்லை. நாலு நாள் வெயிலில் காயவைத்து, நியூட்ரல் சிலிகோனை மெல்லிசாக இழுத்தேன். ஓட்டைகளைத் திறந்துவிட்டேன். நனைத்து மெகர் வைத்துப் பார்த்தோம், பிரேமுக்குக் கசிவு இல்லை. இருந்திருந்தால் தொடுபவருக்கு ஷாக், பேனலைக் கழற்றித்தான் ஆகணும்.

ஆனா அந்த மூலை செல்லுக்குப் பக்கத்தில், நகக்கண் அளவு வெள்ளையாக ஒரு புகைப்படலம் மாதிரி தெரியுது. பென்சிலால் பின் ஷீட்டில் தேதி எழுதி, அதன் அகலத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். அது பிரேமை எட்டுகிறதா என்று இந்த ஐப்பசிக்கு முன்னால் மறுபடி அளக்கணும்.