வார் அறுந்த எந்திரம்

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் வினை ஒன்றுதான். இரண்டிலும் கயிறு உண்டு என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. கயிற்றை இழுத்தால் மத்து முன்னும் பின்னுமாகச் சுழலும். வில்லால் சுழற்றிய பழைய கடைசலிலும் அப்படியே: ஒரு திசையில் சுழலும்போது உளி வெட்டும், திரும்பும்போது கைக்கு ஓய்வு. முனைகள் இணைந்து வளையமான வார்ப்பட்டை அந்த ஓய்வை ஒழித்தது.

அதன் விளைவை இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் காணலாம். பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றுக்குச் சுமார் 1000 மரக் கப்பிகள் தேவை. நெப்போலியன் போர்க்காலத்தில் சாமுவேல் பெந்தமின் ஆதரவோடு, மார்க் புருனல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லி செய்த எந்திரங்கள் அங்கே நிறுவப்பட்டன. நீராவியால் சுழன்ற அச்சுத்தண்டு மேலே ஓடியது. அதிலிருந்து இறங்கிய வார்கள் எந்திரங்களை ஓட்டின. கப்பியால் ஓடிய எந்திரங்கள் கப்பியையே செய்தன! 1808இல் ஆண்டு உற்பத்தி 1,30,000. தேர்ந்த கைவினைஞர் 110 பேரின் வேலையைப் பயிற்சியற்ற 10 பேர் செய்தனர் என்பது புகழ்பெற்ற கணக்கு. எஞ்சிய 100 பேரைப் பற்றி அக்கணக்கு பேசுவதில்லை.

இவ்வகைப் பட்டறைகளில் எந்திரத்துக்கு இரு கப்பிகள் அருகருகே இருக்கும். ஒன்று அச்சோடு பிணைந்தது; மற்றது வெறுமனே சுழல்வது. வாரை அதற்குத் தள்ளினால் எந்திரம் நிற்கும். மேலே தண்டு நிற்காது. தொழிலாளி தன் எந்திரத்தை நிறுத்தலாம், கூடத்தை நிறுத்த முடியாது. வேலையின் வேகம் கையைவிட்டுக் கூரைக்கு ஏறிவிட்டது.

இன்று பழைய லேத்தை மீட்பவர்கள் துருவை நீக்கி, தேய்ந்த தாங்கிகளில் வெள்ளீயக் கலவையை வார்த்து, புதிய தோல்வாரைத் தைத்து, பின்னால் சிறு மோட்டாரைப் பொருத்துகிறார்கள். வீட்டில் வேறு வழியுமில்லை. ஆனால் எந்திரம் அப்போது தன்னந்தனியாக, சுதந்திரமாக ஓடுவதாகத் தோன்றுகிறது. அது ஒருநாளும் அப்படி ஓடியதில்லை. போர்ட்ஸ்மவுத் எந்திரங்கள் சில லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. வார்களை ஓட்டிய அமைப்பின் பகுதிகள் பழைய கட்டடத்திலேயே தங்கின.

திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் குறிப்புகளை இழந்த புறநானூற்றுப் பாட்டை நினைத்துக்கொள்கிறேன். சொல் பழுதின்றி இருக்கும். யார், யாரிடம், எதற்காகச் சொன்னார் என்பது போய்விடும். மீட்ட எந்திரத்தின் அருகே ஒரு சிறு குறிப்பையாவது எழுதி வைக்கலாம்: இதன் வார் எங்கிருந்து இறங்கியது, இதன் முன்னே நின்றவர் யார் என்று.