ருசிக்குப் பூட்டு கிடையாது

இந்தப் பாட்காஸ்ட்டில் வழக்கமா ராஜாக்கள் வருவாங்க, கப்பல்கள் வரும், பழைய கம்ப்யூட்டர்கள் வரும். இன்னைக்கு ஒரு தட்டு சிக்கன். சிரிக்காதீங்க. இதுக்குள்ளேயும் நூறு வருஷ வரலாறு இருக்கு. ஒரு கோர்ட் தீர்ப்புகூட இருக்கு.

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். 2023 ஜனவரி. டல்லாஸ் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டில் நானும் மனைவியும் இருந்தோம். ஒருநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தால் லாகின் ஆகவில்லை. பத்து நிமிஷத்தில் என்னுடைய சொந்த மெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. வேலை போச்சு. எச்1பி விசாவில் இருக்கிறவர்களுக்கு வேலை போனால், அடுத்த வேலையைத் தேடிக்கொள்ள அதிகபட்சம் 60 நாள்தான். அவளுக்கு எச்4 விசா. வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காலண்டரை ஒட்டி, ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தோம். அதில் 19-வது நாள் அவளுடைய பிறந்தநாள்.

அமெரிக்கா வந்த முதல் வருஷத்திலிருந்து பிறந்தநாள் என்றால் அவுட்பேக் ஸ்டேக்ஹவுஸ்தான். அங்கே அவள் கேட்பது எப்பவும் ஒண்ணுதான்: ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ் சிக்கன். கிரில்லில் வாட்டிய எலும்பில்லாத நெஞ்சுக்கறி. மேலே வதக்கிய காளான், மொறுமொறு பேக்கன். அதற்கும் மேலே மான்டரே ஜாக், செடார் என்று இரண்டு சீஸ் உருகி வழியும். பக்கத்தில் தேனும் கடுகும் கலந்த சாஸ்.

"இந்த வருஷம் வேண்டாம்டா. டிப்ஸோட சேர்த்தா ஒரு வாரத்து மளிகை" என்றாள்.

"வீட்டிலேயே செஞ்சுடறேன்" என்றேன். வாய் சும்மா இருக்காதே!

என் மூளை உடனே தொழில் பாஷையில் யோசித்தது. அவுட்புட் தெரியும், சோர்ஸ் கோடு தெரியாது. அப்படியென்றால் இது ரிவர்ஸ் என்ஜினியரிங். இதற்கு முன் யார் செய்திருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடிப் போனவன், கிட்டத்தட்ட என்னைப் போலவே வேலையை இழந்த ஒரு அம்மாவிடம் போய் நின்றேன்.

அவர் பெயர் குளோரியா பிட்சர். மிச்சிகன்காரர். ஐந்து பிள்ளைகளின் தாய். 1970-களின் ஆரம்பத்தில் உள்ளூர்ப் பத்திரிகையில் சமையல் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். பெரிய உணவகங்களின் பண்டங்களை வீட்டில் எப்படிச் செய்வது என்று வாசகர்கள் கேட்டார்கள். அவரும் செய்து பார்த்து எழுதினார். பத்திரிகைக்கு அது பிடிக்கவில்லை. நிறுத்து, இல்லையென்றால் கிளம்பு என்ற நிலை வந்தது. அவர் கிளம்பிவிட்டார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அக்கம்பக்கத்தார் துணிகளை வாங்கி இஸ்திரி போட்டுக் காசு சேர்த்தார். அந்தக் காசில் 1974-ல் சொந்தமாக ஒரு மாத இதழைத் தொடங்கினார். உணவகத்தின் ரகசியச் சமையல் குறிப்பு எதையும் அவர் திருடவில்லை. சாப்பிட்டார், யோசித்தார், கடையில் கிடைக்கிற சாதாரணப் பொருள்களை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். 'ரெசிபி டிடெக்டிவ்' என்ற பெயரே அவருக்கு நிலைத்தது. 1981-ல் ஃபில் டோனஹ்யூவின் டிவி நிகழ்ச்சிக்குப் போய்விட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன.

யார் எழுதியிருப்பார்கள்? யோசிச்சுப் பாருங்க. 1973-ல் எண்ணெய் நெருக்கடி. அந்தப் பத்து வருஷமும் அமெரிக்காவில் விலைவாசி ஏறிக்கொண்டே போனது. பிள்ளைகள் டிவியில் பர்கர் விளம்பரம் பார்க்கிறார்கள். வாரா வாரம் வெளியே கூட்டிப்போகக் கட்டுப்படியாகாது. அந்த வீடுகளுக்கு பிட்சர் கொடுத்தது வெறும் சமையல் குறிப்பு இல்லை, "அது நமக்கும் முடியும்" என்கிற தைரியம். அவருடைய ஒரு புத்தகத்தின் பெயரே 'ஈட்டிங் அவுட் அட் ஹோம்', அதாவது வீட்டிலேயே வெளிச்சாப்பாடு.

இதற்கு அடுத்த தலைமுறை டாட் வில்பர். 1980-களில் அமெரிக்காவில் ஒரு கடிதம் கைமாறிக்கொண்டிருந்தது. மிஸஸ் ஃபீல்ட்ஸ் கடையில் ஒரு பெண் பிஸ்கட் செய்முறை கேட்டாளாம், 250 டாலர் பில் போட்டுவிட்டார்களாம், அந்தக் கோபத்தில் செய்முறையை ஊருக்கே அனுப்புகிறாளாம். இன்றைய வாட்ஸ்அப் ஃபார்வர்டு மாதிரிதான். முழுப் புரளி. கம்பெனியே மறுத்தது. பின்னாளில் இதே கதை நைமன் மார்க்கஸ் கடையின் பெயரிலும் சுற்றியது. வில்பர் அந்தக் கடிதத்தில் இருந்த செய்முறையைச் செய்து பார்த்தார், ருசி ஒத்துவரவில்லை. சரி, நாமே கண்டுபிடிப்போம் என்று இறங்கினார். 1993-ல் அவருடைய முதல் 'டாப் சீக்ரெட் ரெசிபீஸ்' புத்தகம் வந்தது.

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. இது தப்பில்லையா? ஒரு உணவகம் காசு போட்டு உருவாக்கிய பண்டத்தைக் காப்பி அடிப்பது திருட்டு இல்லையா?

அமெரிக்கச் சட்டம் இதற்கு இரண்டு பக்கத்திலிருந்து பதில் சொல்கிறது. ஒன்று காப்புரிமை. 1996-ல் சிகாகோவில் இருக்கும் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. டானன் தயிரை வைத்துச் செய்யும் 50 பண்டங்களை மெரிடித் என்ற பதிப்பகம் புத்தகமாகப் போட்டிருந்தது. அதிலிருந்த குறிப்புகளைப் போலவே பப்ளிகேஷன்ஸ் இன்டர்நேஷனல் என்ற இன்னொரு பதிப்பகமும் வெளியிட்டது. நீதிமன்றம் என்ன சொன்னது? என்னென்ன பொருள், எவ்வளவு, எப்படிச் சேர்ப்பது என்ற பட்டியல் ஒரு செய்முறை மட்டுமே. அதற்குக் காப்புரிமை கிடையாது. கூடவே நீங்க எழுதுகிற கதை, வர்ணனை, எடுத்த படம் இதெல்லாம் உங்களுடையது. இரண்டு கப் தயிர், ஒரு ஸ்பூன் உப்பு என்பது யாருடையதும் இல்லை.

இன்னொன்று வணிக ரகசியம். ஒருவர் சமையலறைக்குள் புகுந்து டைரியைத் தூக்கிக்கொண்டு வந்தால் அது குற்றம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பிரித்துப் பார்த்து, அது எப்படி உருவானது என்று நீங்களே கண்டுபிடித்தால் அது நியாயமான வழி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் கெவானி எதிர் பைக்ரான் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது 1974-ல். பிட்சர் இஸ்திரி போட்ட காசில் இதழ் தொடங்கிய அதே வருஷம்!

சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது சொந்த வீட்டுக் கதை. 1981-ல் ஐபிஎம் தன் பிசியை இறக்கியது. அதன் உயிர்நாடி பயாஸ் என்கிற சின்ன புரோகிராம். அதற்கு காப்புரிமை இருந்தது. 1982-ல் தொடங்கிய காம்பாக் கம்பெனி என்ன செய்தது? ஒரு குழு ஐபிஎம் கோடைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. அந்தக் கோடை ஒருமுறைகூடப் பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. அப்படிப் பிறந்த 'ஐபிஎம் கம்பேட்டிபிள்' கம்ப்யூட்டர்களால்தான் விலை இறங்கி, கடைசியில் என் காலேஜ் லேப் வரைக்கும் கம்ப்யூட்டர் வந்தது. காப்பி அடிப்பதும் புரிந்துகொண்டு மறுபடி கட்டுவதும் வேற வேற. சமையலிலும் அப்படித்தான்.

சரி, தட்டுக்குத் திரும்புவோம். தேடத் தேட எனக்கு இன்னொரு விஷயம் பிடிபட்டது. நான் "ஒரிஜினல்" என்று நினைத்த அந்த சிக்கனில் எது ஒரிஜினல்?

பெயரைப் பாருங்க. ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ் ஆஸ்திரேலியாவின் நட்டநடுப் பாலைவனத்தில் இருக்கும் ஊர். 1870-களில் தந்திக் கம்பி போட்டபோது, அந்த வேலையை நடத்திய சார்லஸ் டாட்டின் மனைவி ஆலிஸ் பெயரை அங்கிருந்த நீர்நிலைக்கு வைத்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே வாழும் அரெர்ன்டே மக்களுக்கு அந்த இடம் ம்பார்ன்ட்வே. ஆனால் அவுட்பேக் உணவகம் பிறந்தது 1988-ல், ஃபுளோரிடாவின் டாம்பா நகரில். 'குரோகடைல் டண்டீ' படம் வந்து ஆஸ்திரேலியா மோகம் ஓடிக்கொண்டிருந்த நேரம். தொடங்கியவர்கள் அப்போது ஆஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை!

செடார் இங்கிலாந்தின் ஒரு கிராமத்துப் பெயர். மான்டரே ஜாக், கலிஃபோர்னியாவின் ஸ்பானிய மடாலயங்கள் செய்துவந்த மென்மையான சீஸ் வழியில் வந்தது. ஊர் ஊராக விற்றுத் தன் பெயரை ஒட்டிக்கொண்டவர் டேவிட் ஜாக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். காளானைப் பெரிய அளவில் வளர்க்கும் வித்தையை பாரிஸ் தோட்டக்காரர்கள் நகரத்துக்கு அடியில் இருந்த பழைய கல் குவாரிகளில் பழகினார்கள். நாம் கடையில் வாங்கும் வெள்ளை பட்டன் காளான், 1920-களில் பென்சில்வேனியாவில் பழுப்புக் காளான்களுக்கு நடுவே தற்செயலாக முளைத்த ஒரு வெள்ளைக் கொத்திலிருந்து பெருகியது.

கோழி? 1923-ல் டெலவேரில் செசில் ஸ்டீல் என்ற பெண் முட்டைக்காக 50 குஞ்சு ஆர்டர் செய்தார். தவறுதலாக 500 வந்து இறங்கியது. திருப்பி அனுப்பாமல், வளர்த்துக் கறிக்கு விற்றார். லாபம் வந்தது. மூன்று வருஷத்தில் 10,000 கோழிக்குக் கொட்டகை போட்டார். அதுவரை கோழிக்கறி என்பது முட்டை வியாபாரத்தின் உபரி. இன்றைய மலிவான பிராய்லர் தொழிலின் தொடக்கம் அந்தத் தப்பான பார்சல்தான்.

ஆக, எல்லாமே யாரோ ஒருவரிடமிருந்து இன்னொருவர் எடுத்து, மாற்றி, சேர்த்தது. அந்த வரிசையில் கடைசியாக என் சமையலறை.

முதல் முயற்சி படுதோல்வி. காளான் தண்ணீர் விட்டு ரப்பர் மாதிரி ஆச்சு. கறி வறண்டது. பாக்கெட்டில் வந்த துருவிய சீஸ் திரிதிரியாக நின்றது. வீடியோ காலில் ஊரிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா இப்படி அடைச்சுப் போட்டிருக்க? கூட்டமாப் போட்டா அவியும், வதங்காது. உப்பையும் கடைசியில போடு."

அம்மாவுக்கு ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸும் தெரியாது, மயாரும் தெரியாது. 1912-ல் லூயி கமீ மயார் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார்: புரதத்தின் அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறமும் வாசனையும் தரும் என்று. சட்டியில் தண்ணீர் நின்றால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, பழுப்பே வராது. அம்மா சொன்னதும் அதேதான். ஹோட்டல் சால்னாவை ஒருவாய் சாப்பிட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு வீட்டில் அதையே வைத்துக் கொடுத்தவர் அவர். என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் ரிவர்ஸ் என்ஜினியர்.

இரண்டாவது முறை கறியைத் தட்டி ஒரே கனமாக்கி, தேன், கடுகு விழுது, எலுமிச்சை, உப்பில் இரண்டு மணி நேரம் ஊற வைத்தேன். காளானை மூன்று தடவையாகப் பிரித்து, பெரிய சட்டியில் அதிகத் தீயில் வதக்கினேன். சீஸைக் கட்டியாக வாங்கி நானே துருவினேன். பாக்கெட் சீஸில் ஒட்டாமல் இருக்க மாவு சேர்க்கிறார்கள், அதுதான் சரியாக உருக விடவில்லை. கறியின் இரண்டு பக்கமும் சிவந்ததும் காளான், பேக்கன், சீஸ் அடுக்கி அவனில் வைத்தேன். உள்ளே 74 டிகிரி வந்ததும் எடுத்துவிட்டேன்.

19-வது நாள் இரவு. மெழுகுவர்த்திகூட இல்லை, டியூப்லைட் வெளிச்சம். அவள் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். நான் கோடு ரிவ்யூவுக்குக் காத்திருப்பவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது மாதிரியே இல்லைடா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "புகை வாசனை இல்ல. கடுகு தூக்கலா இருக்கு. ஆனா இன்னொண்ணு வை" என்றாள்.

அன்றைக்குத்தான் பிட்சருக்கு வந்த அந்தக் கடிதங்களின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. உணவகம் விற்பது செய்முறையை இல்லை. விறகு அடுப்பு, பரிமாறும் கை, பாத்திரம் கழுவ வேண்டாத ஒரு சாயங்காலம், இதற்கெல்லாம் சேர்த்துத்தான் பில். அது அவர்களுடையது, நியாயமானது. ஆனால் ருசி நம் நாக்கில் ஒருமுறை பட்டுவிட்டால், அதைத் தேடிப் போகிற உரிமை நம்முடையது. கையில் காசு இல்லாத மாசத்தில்தான் அந்த உரிமையின் மதிப்பு தெரியும்.

52-வது நாள் எனக்கு வேலை கிடைத்தது. அடுத்த பிறந்தநாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டேன். "வீட்டிலேயே செய். கடுகைக் குறை" என்றாள்.

நீங்க வெளியில் சாப்பிட்டு, வீட்டில் மறுபடி கட்டிய பண்டம் எது? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.