ரப்பர் பாலில் எத்தனை அணு?

புஞ்சாக் ஆலாம், ஈஜோக், ஜெராம், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களில் இன்று செம்பனையும் புதுக் குடியிருப்புகளுமே கண்ணில் படுகின்றன. ஆயினும், பால் மரம் வெட்டிய தாத்தா பாட்டியை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். விடியுமுன் பிரட்டுக்குப் போய், மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் சுமந்து வந்தவர்கள் அவர்கள். பால் சீக்கிரம் உறைந்துவிடாமலிருக்க அமோனியா சேர்ப்பார்கள். ஸ்டோரில் அதை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். 'ஆசிட்' என்பதே அதற்கு நம்மவர் வைத்த பெயர். இந்தப் பொருள்களை வைத்தே இன்று இரசாயன வரலாறு ஒன்றைப் பார்ப்போம்.

அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து மூலக்கூறு ஆகின்றன. ஒரு மூலக்கூறில் எத்தனை அணுக்கள் உள்ளன என்பதே அணுக்கட்டு எண். மின்விளக்குக் குமிழில் அடைக்கப்படும் ஆர்கான் வாயு தனித்தனி அணுவாகவே இருக்கும். அது ஓரணு மூலக்கூறு. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜன் ஈரணு மூலக்கூறு. அதே ஆக்ஸிஜன் மூன்று அணுவாகச் சேர்ந்தால் ஓசோன் என்னும் மூவணு மூலக்கூறு. அதற்கு மேற்பட்டவை பல்லணு மூலக்கூறுகள். அமோனியாவில் 4 அணுக்கள், ஃபார்மிக் அமிலத்தில் 5, கந்தகத்தில் 8.

இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்தக் கணக்கு எளிதில் வந்ததன்று. ஆக்ஸிஜன் போன்ற வாயுக்களின் மூலக்கூறு ஒன்றுக்கு மேற்பட்ட அணுக்களால் ஆனது என்று இத்தாலியரான அவகாட்ரோ 1811இல் கூறினார். ஒரே இன அணுக்கள் எப்படி இணையும் என்று கேட்டுப் பலரும் அதை ஒதுக்கினார்கள். 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய மாநாட்டில், கனிசாரோ என்ற மற்றோர் இத்தாலியர் அதை விளக்கிக் காட்டிய பிறகே குழப்பம் தெளியத் தொடங்கியது. அப்போது அவகாட்ரோ உயிருடன் இல்லை, 1856இலேயே மறைந்துவிட்டார்.

இப்போது ரப்பருக்கு வருவோம். ரப்பரில் 5 கார்பன் அணுவுக்கு 8 ஹைட்ரஜன் அணு என்ற விகிதம் இருப்பதை 1826இல் மைக்கேல் ஃபாரடே கண்டார். 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் ரப்பரைச் சூடாக்கி வடித்து, ஐசோபிரீன் என்ற திரவத்தைப் பிரித்தார். அதன் ஒரு மூலக்கூறில் 13 அணுக்கள். அப்படியானால் ரப்பர் மூலக்கூறில் எத்தனை? அது சிறிய மூலக்கூறுதான், பல சேர்ந்து கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதே பெரும்பாலான அறிஞர்களின் எண்ணம்.

1920இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் இதை மறுத்தார். ஐசோபிரீன் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலிதான் ரப்பர் மூலக்கூறு என்றார். 1922இல் ரப்பரோடு ஹைட்ரஜனைச் சேர்த்துச் சோதித்தார். சிறு மூலக்கூறுகளின் கூட்டமாக இருந்தால் அது பிரிந்து, வடிக்கக்கூடிய பொருளாக மாறியிருக்கவேண்டும். அப்படி மாறவில்லை! ஆனாலும் எதிர்ப்பு ஓய மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1953இல், 72ஆம் வயதில், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 10,000 கண்ணி கொண்ட ஒரு சங்கிலியில் 1,30,000 அணுக்கள் இருக்கும். ரப்பரை இழுத்து விட்டால் சுருங்குவது இந்தச் சங்கிலிகளால்தான். கந்தகம் அவற்றைக் குறுக்கே பிணைப்பதால்தான் டயர் உறுதி பெறுகிறது.

இந்தக் கணக்கு ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. சங்கிலியின் அமைப்புத் தெரிந்தால் அதைப் போன்ற ஒன்றைத் தொழிற்சாலையிலும் திறமையாகச் செய்யலாம் அல்லவா? 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும், ரப்பர் கிடைக்காத அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெருமளவில் தயாரித்தது. போருக்குப் பின் அது இயற்கை ரப்பருக்குப் போட்டியாக நின்றது. மரம் வெட்டுவோரின் கூலி ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்த காலம் அது. எங்கோ எண்ணப்பட்ட அணுக்கள் நம் லயத்து அடுப்பையும் தொட்டன. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. அருகிலுள்ள சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் இருந்தது. ரப்பரின் தரத்தைச் சோதித்து உறுதி கூறி விற்கும் முறை 1965இல் வந்தது. விமானச் சக்கரங்களின் டயருக்கு இன்றும் இயற்கை ரப்பரே பெரிதும் வேண்டியிருக்கிறது.

தாய்மார்களே, தந்தையரே! பிள்ளைகள் இரசாயனப் பாடத்தில் மூலக்கூறு பற்றிப் படிக்கும்போது, தாத்தா பாட்டியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அமோனியாவின் நெடி எப்படியிருக்கும் என்று பாட்டி சொல்லட்டும். அதில் எத்தனை அணு என்று பேரன் எண்ணிச் சொல்லட்டும். உலக அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடிய பொருளை நம் குடும்பத்தார் நாள்தோறும் கையாண்டார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும்.