குடல்வால் அழற்சி: பெயரும் காரணமும் தேடிய வரலாறு

முன்னுரை

ஒரு நோய்க்கு இடப்படும் பெயரில், அந்நோய் எங்கே பிறக்கிறது, எதனால் பிறக்கிறது என்பது பற்றிய ஒரு முடிவும் அடங்கியிருக்கும். முடிவு சரியானதாயின், பெயர் மருத்துவரின் கையை உரிய இடத்திற்கு இட்டுச் செல்லும். தவறானதாயின், வேறிடத்திற்குத் திருப்பிவிடும். சொல்லாராய்ச்சி உயிர்காக்கும் துறையோடு தொட்டுக்கொள்ளும் இவ்விடத்தை விளக்குவதற்குக் குடல்வால் அழற்சியின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டு. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டோரையே இந்நோய் மிகுதியாகத் தாக்குகிறது. ஆதலின் ஆசிரியரும் மாணவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறும் ஆகும்.

உறுப்பு அறியப்பட்டமை

பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வயிற்றின் வலப்பக்கக் கீழ்ப்பகுதியில், ஒரு முனை அடைபட்ட பை போன்ற பகுதி உள்ளது. இலத்தீன் மொழியில் அதற்குச் 'சீக்கம்' என்று பெயர்; 'குருடு' என்பது அதன் பொருள். வழி தெரியாமல் முட்டி நிற்கும் குடல் என்பது கருத்து. இப்பையிலிருந்து விரலினும் மெலிதாகத் தொங்கும் சிறு குழாயே குடல்வால். ஐரோப்பியர் அதனைப் புழுவுக்கு ஒப்பிட்டனர். தமிழில் வாலுக்கு ஒப்பிட்டோம். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியனார்டோ டாவின்சி அதனை வரைந்தார். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பெரெங்காரியோ டா கார்ப்பி அதனை எழுத்தில் விவரித்தார். எனினும், உறுப்பை அறிந்ததற்கும் அதன் நோயை அறிந்ததற்கும் இடையே மூன்றரை நூற்றாண்டுகள் கடந்தன.

கண்முன் இருந்த சான்றுகள்

சான்றுகள் கிடைக்காமல் இல்லை. 1735-இல் இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் குளோடியஸ் ஏமியண்ட் என்னும் அறுவை மருத்துவர் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் குடலிறக்கத்திற்கு அறுவை செய்தார். இறங்கிய குடற்பகுதிக்குள் குடல்வாலும் இருந்தது. சிறுவன் விழுங்கியிருந்த ஊசி ஒன்று அதனைத் துளைத்திருந்தது. ஏமியண்ட் அக்குடல்வாலை அகற்றினார், சிறுவன் பிழைத்தான். பதிவு செய்யப்பட்ட முதற் குடல்வால் அகற்றம் இதுவே.

1812-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் வழியாக மற்றோர் அறிக்கை இலண்டனில் வெளிவந்தது. பிற்காலத்தில் நடுக்கவாத நோய்க்குத் தம் பெயர் வழங்கப்பெற்ற அதே பார்க்கின்சன்தாம் இவர். வயிற்று நோயால் இறந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் உடலை ஆராய்ந்தபோது, குடல்வாலில் இறுகிய மலக்கல்லும் துளையும் காணப்பட்டன. குடலின் பிற பகுதிகள் நலமாகவே இருந்தன.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நோயாளி சிறுவனே. பழுதுற்ற உறுப்பும் குடல்வாலே. ஆயினும் மருத்துவ உலகம் இவற்றை அருநிகழ்ச்சிகளாகக் கொண்டு ஒதுக்கிற்று.

தவறான பெயரின் ஆட்சி

1827-இல் பிரெஞ்சு மருத்துவர் மேலியே குடல்வாலே நோயின் பிறப்பிடமாகலாம் என எடுத்துரைத்தார். அக்காலப் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற அறுவை மருத்துவரான தூப்புய்த்ரேன் மாறுபட்ட கருத்துடையவர். நோய் குருட்டுக்குடலைச் சூழ்ந்தே தோன்றுகிறது என்றார். அவர்தம் செல்வாக்கே வென்றது. 1830-களில், குருடு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு 'டிஃப்லைட்டிஸ்', 'பெரிடிஃப்லைட்டிஸ்' என்னும் பெயர்கள் நிலைபெற்றன. முன்னது குருட்டுக்குடல் அழற்சி. பின்னது குருட்டுக்குடலைச் சூழ்ந்த அழற்சி.

இப்பெயர்கள் காரணத்தையும் உடன் கொண்டுவந்தன. குருட்டுக்குடலில் மலம் தேங்குவதே நோய்க்குக் காரணம் என்று கருதினர். காரணம் தேக்கமாயின், மருந்து பேதியாதல் இயல்பன்றோ? வேறு சிலர் அபின் கொடுத்து வலியை அடக்கினர். பேதிமருந்து அழன்ற குடல்வாலை உடையச் செய்யக்கூடியது. அபினோ ஆபத்தின் அறிகுறியை மறைத்துவிடும். ஒரு பெயர் அரை நூற்றாண்டுக் காலம் மருத்துவத்தைத் திசைதிருப்பியது என்றால் மிகையன்று.

1886: பெயர் மாறிய ஆண்டு

இதனை மாற்றியவர் அறுவை மருத்துவர் அல்லர். ஹார்வர்டுப் பல்கலைக்கழக நோய்க்குறியியல் பேராசிரியரான ரெஜினால்ட் ஃபிட்ஸ். 1886-இல் வாஷிங்டன் நகரில் அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் கூட்டத்தில் அவர் கட்டுரை படித்தார். குடல்வால் துளையுற்ற 257 நோயாளிகளின் குறிப்புகளையும், குருட்டுக்குடல் அழற்சி எனப் பெயரிடப்பட்டிருந்த 209 நோயாளிகளின் குறிப்புகளையும் அவர் அருகருகே வைத்து ஒப்பிட்டார். இரு தொகுதிகளிலும் அறிகுறிகள் ஒன்றாகவே இருந்தன. இரு பெயர்களில் வழங்கியது ஒரே நோய் என்பது புலனாயிற்று. நோயாளிகளுள் இளைஞர்களே மிகுதி என்பதையும் அவர் கண்டார். 'அப்பெண்டிசைட்டிஸ்' என்னும் சொல்லை வழங்கியதோடு, காலந்தாழ்த்தாத அறுவையையும் வலியுறுத்தினார். மூன்றாண்டுகளுக்குள் நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி, நோயாளியின் வயிற்றில் வலி மிகும் புள்ளியைக் குறித்துக் காட்டினார். பெயர் இடத்தைச் சுட்டியது. கை அவ்விடத்தைத் தொட்டது.

மொழியறிஞர்கள் இச்சொல்லை விரும்பவில்லை. இலத்தீன் அடியோடு கிரேக்க விகுதியை ஒட்டிய கலப்புச்சொல் என்று குறை கூறினர். ஜேம்ஸ் மர்ரே பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில், இச்சொல் இடம்பெற வேண்டிய பகுதி 1885-இல் வெளிவந்தபோது அதில் இச்சொல் இல்லை. 1902 ஜூன் மாதம், முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஏழாம் எட்வர்ட் மன்னர் இந்நோயால் தாக்குண்டு அறுவைக்கு உட்பட்டார். விழா ஆகஸ்ட் மாதத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டது. அகராதி ஏற்காத சொல் எல்லாச் செய்தித்தாள்களிலும் ஏறிற்று. 1933-ஆம் ஆண்டுத் துணைத்தொகுதியில் அது முறைப்படி இடம்பெற்றது.

பழைய பெயரோ முற்றிலும் மறையவில்லை. நம்மைச் சுற்றி வழங்கும் மொழிகளிலேயே அது வாழ்கிறது. சீனப் பேச்சுவழக்கில் இந்நோய் 'மாங் சாங் யென்', அதாவது குருட்டுக்குடல் அழற்சி. இந்தோனேசிய வழக்கில் 'ஊசுஸ் புந்து', அதாவது முட்டுக்குடல். ஜெர்மன் மொழியிலும் பொதுவழக்குச் சொல் குருட்டுக்குடலையே குறிக்கிறது. தமிழ்க் கலைச்சொல் புதிய அறிவு நிலைபெற்றபின் தோன்றியமையால் உறுப்பைச் சரியாகச் சுட்டுகிறது. 'அழற்சி' என்னும் சொல்லும் பொருத்தமானது. அழல் என்றால் நெருப்பு.

ஏன் இளையோர்?

இடம் தெளிந்தபின் காரணத்தைத் தேடும் முயற்சி விரிவடைந்தது. 1930-களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஓவன் வாங்கன்ஸ்டீனும் அவர்தம் குழுவினரும், குடல்வாலின் வாய் அடைபட்டால் என்ன நேரும் என்பதை ஆய்ந்து காட்டினர். அடைபட்ட பின்னும் உட்சுவர் நீரைச் சுரந்துகொண்டே இருக்கும். உள்ளழுத்தம் ஏறும், குருதியோட்டம் தடைபடும், நுண்ணுயிர்கள் சுவரைத் துளைக்கும், இறுதியில் குடல்வால் உடையும்.

அடைப்பு எதனால்? மலக்கல் ஒரு காரணம். நிணநீர்த் திசுவின் வீக்கம் மற்றொன்று. நோய் எதிர்ப்புக்குரிய இத்திசு குடல்வாலின் சுவரில் நிறைந்துள்ளது; பத்து முதல் இருபது வயதுவரை மிகுதியாகவும், பின்னர் படிப்படியாகக் குறைந்தும் காணப்படும். தொற்றுநோய் ஒன்று வரும்போது இது வீங்கி, ஏற்கெனவே குறுகிய வழியை அடைத்துவிடக்கூடும். கைக்குழந்தைகளின் குடல்வால் புனல்போல் அகன்ற வாயுடையது; ஆதலின் அவர்களிடம் இந்நோய் அரிது. நோய் இளையோரை நாடுவதற்கான விளக்கங்களுள் இதுவே பெரிதும் கூறப்படுவது. சிற்சில வேளைகளில் குடற்புழுக்களும் குடல்வாலில் காணப்படுகின்றன. குடும்பத்தில் பிறருக்கு வந்திருப்பின் வாய்ப்புக் கூடுகிறது. ஆயினும் அகற்றப்பட்ட குடல்வால்கள் பலவற்றில் அடைப்பு எதுவும் இருப்பதில்லை. எனவே அடைப்பு ஒன்றே முழு விடையாகாது.

சமுதாயக் காரணம் தேடியோரும் உளர். 1920-இல் பிரிட்டனின் ரெண்டில் ஷார்ட், உணவில் நார்ப்பொருள் குறைந்ததே நோய் பெருகக் காரணம் என்றார். உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட், ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் இந்நோய் அரிதாயிருப்பதைக் கண்டு, 1971-இல் அக்கருத்தை வலுப்படுத்தினார். 1985-இல் டேவிட் பார்க்கர் மறுப்புரைத்தார். பிரிட்டனில் நார்ப்பொருள் உண்ணும் அளவைக் கொண்டு நோயின் ஏற்ற இறக்கங்களை விளக்க இயலவில்லை என்றார். தூய குடிநீரும் குளியலறையும் வந்தபின் குழந்தைகள் முதற் பருவத்தில் தொற்றுகளைச் சந்திப்பது குறைந்தது. அதனால் பிற்பருவத்தில் வரும் தொற்றுக்கு அவர்களின் நிணநீர்த் திசு மிகையாக எதிர்வினை புரிகிறது என்பது அவர் கொள்கை. இரண்டு கொள்கைகளும் நோயின் ஒரு பகுதியையே விளக்குகின்றன.

வீட்டுக்குள் வாழும் பெயர்கள்

நம் இல்லங்களிலும் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. கொய்யா விதையை விழுங்கினாய், உண்டவுடன் ஓடினாய், மிளகாயை மிகுதியாகத் தின்றாய் என்பர். விதை குடல்வாலில் சிக்குவது மிக அரிது. உண்டபின் ஓடுவதால் இந்நோய் வருவதற்குச் சான்றில்லை. இக்கூற்றுகள் வலியால் துடிக்கும் பிள்ளையைக் குற்றவாளி ஆக்குகின்றன. ஏச்சுக்கு அஞ்சும் பிள்ளை வலியை மறைக்கும். சூட்டு வலி, வாயு, மலச்சிக்கல் என்று நாமே பெயரிட்டு விளக்கெண்ணெய் கொடுக்கும்போது, 19-ஆம் நூற்றாண்டின் பிழையை நம் அடுக்களையில் மீண்டும் செய்கிறோம்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கிச் சில மணி நேரத்தில் வலப்பக்கக் கீழ்வயிற்றுக்கு இடம்பெயரும் வலி, பசியின்மை, குமட்டல், இலேசான காய்ச்சல், நடந்தாலும் இருமினாலும் மிகும் நோவு ஆகியவை இந்நோயின் வழக்கமான அறிகுறிகள். சிறுவரிடம் இவை முழுமையாகத் தோன்றாமலும் போகலாம். ஐயம் எழுந்தால் பேதிமருந்தைத் தவிர்த்து, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே கடமை.

முடிவுரை

முழுமையான காரணம் இன்னும் ஆய்விலேயே இருக்கிறது. இடத்தையும் விரைவின் தேவையையும் உணர்ந்ததனாலேயே எண்ணற்ற இளையோர் பிழைத்திருக்கின்றனர். ஆகவே வகுப்பறையில் ஒரு மாணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அவர் என்ன தின்றார் என்று கேட்பதற்கு முன், வலி எங்கே தொடங்கியது, இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்போமாக.