கொட்டகை மானேஜர்: ஒரு பதவியின் வரலாறு

தமிழ் சினிமாவின் வரலாறு நடிகர்களாலும் இயக்குநர்களாலும் ஸ்டுடியோ முதலாளிகளாலும் ஆனதாகவே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. படத்தைப் பார்வையாளனிடம் கொண்டு சேர்த்த கொட்டகை மானேஜருக்கு அதில் இடமில்லை. அவருக்கும் ஒரு வரலாறு உண்டு. பொறுப்பு கூடிக்கொண்டே போக, உரிமை மட்டும் வாசற்படியிலேயே நின்றுவிட்ட வரலாறு அது.

1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம்காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். அந்தக் கூடாரத்தில் முதலாளி, மேலாளர் என்ற பேதம் எழ இடமிருக்கவில்லை. 1914இல் அவர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். கட்டடம் வந்தபின் அதை நாள்தோறும் கவனிக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. பின்னர் அரசும் உள்ளே வந்தது. 1918இன் சினிமாட்டோகிராப் சட்டம் உரிமத்தையும், 1939இன் சென்னை மாகாணக் கேளிக்கை வரிச் சட்டம் வரிக்கணக்கையும், 1955இன் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் மேலும் பல விதிகளையும் கொண்டுவந்தன. விநியோகஸ்தருக்கு அன்றாட வசூல் அறிக்கை அனுப்பவேண்டும். அவருடைய பிரதிநிதி கேட்கும்போது டிக்கெட் அடிக்கட்டைகளைக் காட்டவேண்டும். முதலாளிக்கு அரிசி ஆலையோ பேருந்தோ வேறு தொழில்களும் இருக்கும். ஆகவே இவ்வளவும் மானேஜரின் மேசைக்கு வந்து சேர்ந்தன. அவரிடம் எதிர்பார்க்கப்பட்ட தகுதி படிப்பு அல்ல, நம்பிக்கை. நம்பிக்கைக்கு ஊதிய விகிதம் கிடையாது. முதலாளி மனம்வைத்ததே சம்பளம்.

விடுதலை பெற்ற ஆண்டில் வந்த இரண்டு சட்டங்கள் இந்நிலையை மாற்றியிருக்கலாம். 1947இன் சென்னைக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் ‘நிறுவனம்’ என்பதற்குள் திரையரங்கையும் சேர்த்து, வேலைநேரத்திற்கும் விடுப்புக்கும் வரம்பு கட்டியது. ஆனால் நிர்வாகப் பதவியில் இருப்பவருக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதுவே விலக்கும் அளித்தது. அதே ஆண்டின் தொழில் தகராறு சட்டமும் ‘தொழிலாளி’ என்ற சொல்லின் எல்லைக்கு வெளியே நிர்வாகியை நிறுத்தியது. வாசலில் டிக்கெட் கிழிப்பவர் வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம்; உள்ளே மேசைக்குப் பின்னால் இருப்பவர் போக முடியாது. அவர் பெற்ற பட்டமே அவருக்குக் கதவடைத்தது.

ஐந்து பேருக்குக் குறையாமல் பணிபுரியும் அரங்குகளுக்கு வருங்கால வைப்புநிதியையும் பணிக்கொடையையும் நீட்டித்த 1981இன் திரைத்தொழிலாளர், திரையரங்கத் தொழிலாளர் சட்டம் ஒரு முன்னேற்றம்தான். எனினும் மாதச் சம்பளம் எவ்வளவு என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

இந்த முரண் கூர்மையாகத் தெரியும் இடங்களில் ஒன்று சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி. சிப்காட் வளாகத்தின் ஆலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. மாலைப் பணி முடித்து இரவுக் காட்சிக்கு வரும் ஆலைத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவர் கூடுதலாக உழைத்த ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்பு ஊதியம் தரவேண்டும் என்று 1948இன் தொழிற்சாலைகள் சட்டமே விதித்திருந்தது. நள்ளிரவு தாண்டி அரங்கைப் பூட்டி, வசூலை எண்ணி வைத்துவிட்டுப் போகும் மானேஜருக்கு அப்படியொரு விதி இல்லை. திருவள்ளூர் வட்டாரத்தில் இவ்வேலை தேடிப் போகும் இளைஞர் ஆலை வேலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியது சம்பளத் தொகையை மட்டுமல்ல, அதன் பின்னால் நிற்கும் காப்பையும்தான்.

தண்டனை என்று வரும்போது மட்டும் சட்டம் அவரை மறப்பதில்லை. 1997 ஜூன் 13 அன்று தில்லி உபகார் திரையரங்கில் மூண்ட தீயில் 59 பேர் மாண்டனர். 2007இல் விசாரணை நீதிமன்றம் குற்றவாளிகள் எனக் கண்ட 12 பேரில் உரிமையாளர்களோடு அரங்க மேலாளர்களும் வாயிற்காவலரும் இருந்தனர். பின்னர் மேல்முறையீடுகளில் தண்டனைகள் மாறின. ஆனாலும் அவசரவழியைத் திறந்து வைப்பது யார் கடமை என்ற கேள்விக்கு முதலில் வருவது மானேஜரின் பெயரே என்பது அன்று தெளிவாயிற்று. இத்தகைய பொறுப்புக்கு உரிய விலை அவருடைய சம்பளத்தில் இருக்கவேண்டாமா?

கதவு முழுக்க மூடியும் இருக்கவில்லை. பதவியின் பெயரைப் பார்க்காமல் ஒருவர் முதன்மையாகச் செய்யும் வேலையைப் பார்க்கவேண்டும் என்று சீபா கெய்கி நிறுவனம் தொடர்பான 1985ஆம் ஆண்டு வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. மேலாளர் எனப்பட்டவர் உண்மையில் கணக்கெழுதி, டிக்கெட் கொடுத்து, சுவரொட்டிக்கு ஆள் அனுப்பும் எழுத்தராகவே இருந்தால், அவரும் தொழிலாளி என வாதிட அத்தீர்ப்பு இடம் தந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு இன்னொரு படி. குறைந்தபட்ச ஊதியத்தையும் குறித்த நாளில் சம்பளத்தையும் பெறும் ‘பணியாளர்’ என்ற வரையறைக்குள் நிர்வாகப் பணி செய்பவரையும் அது சேர்த்திருக்கிறது. கூடவே வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்போ பழையபடியே அவரைத் ‘தொழிலாளி’ அல்ல என்கிறது. ஆக, அடிப்படைக் கூலி கேட்கும் உரிமை வந்துவிட்டது. வேலைநீக்கத்துக்கு எதிரான பழைய குறை அப்படியே இருக்கிறது.

இதற்கிடையே தொழிலும் மாறிவிட்டது. 1964இல் சென்னைக்கு மூன்று அரங்குகளை ஒரே வளாகத்தில் அறிமுகப்படுத்திய சஃபையர் 1990களில் மூடப்பட்டது. சத்யம் திரையரங்கை நடத்திய எஸ்.பி.ஐ. சினிமாஸ் நிறுவனத்தை 2018இல் பி.வி.ஆர். வாங்கியது. பெருநிறுவன அரங்குகளில் மேலாளருக்கு நியமன ஆணையும் பதவி உயர்வுப் படிகளும் உண்டு. ஆனால் முதலாளியை நேரில் பார்த்து முறையிடும் பழைய வழி அங்கில்லை. சிற்றூரின் ஒற்றைத்திரை அரங்கில் முதலாளியைப் பார்க்கலாம். நியமன ஆணையைப் பார்ப்பது அரிது.

ஆகவே இவ்வேலையைத் தேடுகிறவர் முதலில் கேட்கவேண்டியது சம்பளம் எவ்வளவு என்று அல்ல. என் கடமைகள் எவை, அவற்றை எழுதித் தருவீர்களா என்பதே முதற்கேள்வி. கடமைகள் காகிதத்தில் வந்துவிட்டால் சம்பளத்தைப் பேச ஓர் அடிப்படை கிடைக்கும். நாளை வழக்கென்று வந்தால், இவர் யார் என்பதைச் சொல்லும் சாட்சியும் அந்தக் காகிதம்தான்.