கத்திக்கு முன் ஊசி



சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க நம் வீட்டுப் பெண்கள் பானையைக் கவிழ்ப்பதில்லை. அகப்பையால் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் கண்ட வழி. மருத்துவத்திலும் இந்த வழி உண்டு. உடம்பில் ஒரு கட்டி தோன்றினால், அதை முழுவதும் அறுத்தெடுக்காமல், மெல்லிய ஊசியால் அதிலிருந்து சில உயிரணுக்களை மட்டும் உறிஞ்சியெடுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அது தீங்கற்ற கட்டியா, புற்றுநோய்க் கட்டியா என்று அறிகிறார்கள். கழுத்தில் தோன்றும் தைராய்டு கட்டிகளைப் பொறுத்தவரை இன்று இதுவே மிக முக்கியமான சோதனை. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த முறையை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தைராய்டு கட்டி ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. தலை சீவும்போது கண்ணாடியில் பார்க்கிறார்கள். எச்சில் விழுங்கினால் தொண்டையோடு ஏறி இறங்கும் ஒரு வீக்கம் தெரிகிறது. வலி இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. சேலைத் தலைப்பையோ துண்டையோ கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "போனால் கத்தி வைத்துவிடுவார்கள்." மற்றொன்று, "ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும்." இவற்றை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நேயர்களே, இவ்விரண்டு அச்சங்களையும் ஒரு காலத்தில் பெரிய பெரிய மருத்துவர்களே கொண்டிருந்தார்கள். அவை எப்படி வந்தன, எப்படி நீங்கின என்பதே இந்த வரலாறு.

முதலில் கத்தியைப் பற்றிய அச்சத்தைப் பார்ப்போம்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே, மூச்சுக் குழாயை அணைத்தபடி வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் ஒரு சிறிய சுரப்பி. நாம் உண்ணும் உணவிலுள்ள அயோடினைக் கொண்டு அது ஒரு சுரப்பு நீரை உண்டாக்குகிறது. உடலின் வளர்ச்சிக்கும் சூட்டுக்கும் சுறுசுறுப்புக்கும் அந்த நீர் தேவை. அயோடின் போதாத இடங்களில் இந்தச் சுரப்பி பெருத்துக் கழலையாகிவிடும். சுவிட்சர்லாந்தின் மலைப் பகுதிகளில் இது மிகுதியாக இருந்தது. நம் நாட்டிலும் சரவாக்கின் உட்புறங்களில் இது காணப்பட்டதுண்டு.

தைராய்டில் இரத்த ஓட்டம் மிக அதிகம். குரலுக்குரிய நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, கழலையில் கத்தி வைப்பது உயிரோடு விளையாடுவதாகவே கருதப்பட்டது. இரத்தப்போக்காலும் சீழாலும் பலர் இறந்தனர். இந்த நிலையை மாற்றியவர்களில் தலையானவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர். பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும், கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், மரத்தைத் தொட்டால் புண்ணாகிவிடும் என்று. அதே நிதானத்தோடு வேலை செய்தவர் கோக்கர். அவருடைய தொடக்க காலத்தில் அறுவை செய்யப்பட்டவர்களில் 100க்கு ஏறக்குறைய 13 பேர் இறந்தனர். பின்னாளில் அது 100க்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 1909ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அவருக்கும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. 1874இல் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் தைராய்டு முழுவதையும் அவர் அகற்றியிருந்தார். அறுவை நன்றாகவே முடிந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1883இல், அவளைத் திரும்பவும் பார்த்தபோது அவள் வளராமல் குள்ளமாகவே நின்றிருந்தாள். அறிவும் மந்தமாகியிருந்தது. ஒரு காலத்தில் அவளோடு மாற்றி அடையாளம் காணப்பட்ட தங்கை அவளைவிட உயரமாக வளர்ந்து நின்றாள். முழுச் சுரப்பியையும் எடுத்துவிட்டால் உடம்பும் அறிவும் நலியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கோக்கர் தம் தவற்றை மறைக்கவில்லை. தாமே அதை வெளியிட்டு, முழுச் சுரப்பியையும் தேவையின்றி எடுப்பதைக் கைவிட்டார். இன்று இழந்த சுரப்பு நீரை மாத்திரையாகக் கொடுக்க முடிகிறது. ஆயினும் அந்த மாத்திரையை வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டும்.

ஆக, தேவையில்லாமல் கத்தி வைக்கக் கூடாது என்பது உறுதியாயிற்று. ஆனால் எது தேவை, எது தேவையில்லை என்று எப்படித் தெரியும்? தைராய்டு கட்டிகளில் 100க்கு 5 முதல் 15 வரைதான் புற்றுநோயாக இருக்கின்றன. மற்றவை தீங்கற்றவை. வெளியிலிருந்து தடவிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றால், சிலருக்காகப் பலரை அறுக்க வேண்டியிருக்கும். அறுக்காமல் விட்டால், அந்தச் சிலரை இழக்க வேண்டியிருக்கும். இந்த இக்கட்டிலிருந்து விடுவித்ததுதான் ஊசி.

ஊசியால் குத்திப் பார்க்கும் எண்ணம் மிகப் பழையது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டின் கோர்டோபா பகுதியில் வாழ்ந்த அரபு மருத்துவர் அபுல் காசிம் அல் சஹ்ராவி, கழுத்துக் கழலைகளை ஊசியால் குத்தி ஆராய்ந்ததாக மருத்துவ வரலாறு எழுதுவோர் குறிப்பிடுகிறார்கள். 1904இல் கிரெய்க், கிரே என்ற இரு பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர்கள், ஆப்பிரிக்காவின் தூக்க நோயாளிகளுடைய நெறிக்கட்டிகளிலிருந்து ஊசியால் நீர் எடுத்து, அதில் நோய்க் கிருமியைக் கண்டார்கள். ஊசி முனையில் வரும் ஒரு துளி, நோயின் பெயரையே சொல்லக்கூடும் என்பது தெரிந்தது.

புற்றுநோய்க் கட்டிகளுக்கு இதை முறையாகப் பயன்படுத்தியவர் நியூயார்க் நகரின் மெமோரியல் மருத்துவமனையில் பணியாற்றிய ஹேய்ஸ் மார்ட்டின். அவரும் எட்வர்ட் எல்லிஸ் என்பவரும் 1930இல் தங்கள் முறையை வெளியிட்டனர். ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, சிரிஞ்சால் உறிஞ்சி, வந்ததைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தார்கள். அவர்கள் பயன்படுத்திய ஊசி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிப்புள்ளது.

இங்கேதான் இரண்டாவது அச்சம் தலைதூக்கியது. புற்றுக் கட்டியில் ஊசி குத்தினால், அந்த வழியே நோய் பரவிவிடாதா என்று மருத்துவர்களே கேட்டார்கள். தடித்த ஊசிகளைக் கொண்டு சதைத் துண்டு எடுத்த காலத்தில் அந்தக் கேள்வி நியாயமானதுதான். அதோடு இன்னொரு தடையும் இருந்தது. நோயியல் மருத்துவர்கள் சதைத் துண்டைச் சீவி, உயிரணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கைப் பார்த்தே நோயைச் சொல்லிப் பழகியவர்கள். அவர்கள் முன் உதிரியான சில உயிரணுக்களை வைத்தது, முழு வீட்டைப் பார்த்துப் பழகியவரிடம் நான்கு செங்கல்லைக் கொடுத்து, இது எந்த வீடு என்று கேட்டது போலாயிற்று. நம்ப மறுத்தார்கள். அமெரிக்காவிலேயே தொடங்கிய இம்முறை, அங்கே ஒரு சில இடங்களைத் தவிர மற்ற இடங்களில் பல ஆண்டுகள் வேரூன்றவில்லை.

அது தழைத்த மண் சுவீடன். 1952இல் நில்ஸ் சோடர்ஸ்ட்ரோம் என்ற மருத்துவர், கழலைகளை ஊசியால் சோதிப்பதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஸ்டாக்ஹோம் நகரின் ரேடியம்ஹெம்மெட் என்ற புற்றுநோய் நிலையத்தில் சிக்ஸ்டன் பிரான்சென் இம்முறையை வளர்த்தார். அவரோடு சேர்ந்து தைராய்டு நோய்களுக்கு இதைப் பயன்படுத்தி 1962இல் கட்டுரை எழுதியவர் யெர்சி ஐன்ஹார்ன். இவர் போலந்து நாட்டில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரின் கொடுமைகளில் உயிர் தப்பி, சுவீடனில் புகலிடம் பெற்று மருத்துவரானவர்.

சுவீடனில் மட்டும் இது வெற்றி பெற்றது ஏன்? மூன்று காரணங்கள் சொல்லலாம். முதலாவது, ஊசி மெலிந்தது. இவர்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, இரத்தம் எடுக்கும் ஊசியைவிடத் தடிப்பில்லாத ஊசியைக் கையாண்டார்கள். இரண்டாவது, இவர்களில் பலர் இரத்த நோய்களைப் படித்தவர்கள். இரத்த அணுக்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பழகிய அவர்களுக்கு, ஒரு செங்கல்லைப் பார்த்து வீட்டைச் சொல்வது புதிதல்ல. மூன்றாவது, இவர்கள் தங்கள் வார்த்தையைத் தாங்களே சோதித்துக்கொண்டார்கள். ஊசி சொன்ன முடிவைப் பின்னர் அறுத்தெடுத்த கட்டியோடு ஒப்பிட்டார்கள். ஊசி குத்திய வழியில் நோய் பரவுகிறதா என்று நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மெல்லிய ஊசியால் அவ்வாறு பரவுவது மிக மிக அரிது என்பது தெளிவாயிற்று.

பிற நாடுகள் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டன. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையிலிருந்து 1982இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதன் பயனைக் கணக்கிட்டுக் காட்டியது. ஊசிச் சோதனை வருவதற்கு முன், தைராய்டு கட்டியோடு அங்கு வந்தவர்களில் 100க்கு 67 பேருக்கு அறுவை செய்யப்பட்டது. வந்த பின் அது 43 ஆகக் குறைந்தது. அறுவை செய்யப்பட்டவர்களில் புற்றுநோய் இருந்தவர்கள் 14இலிருந்து 29 ஆக உயர்ந்தார்கள். அதாவது, தேவையில்லாதவர் கத்தியிலிருந்து தப்பினார். தேவையானவர் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டார்.

ஊசி எல்லாம் அறிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சில சமயம் போதிய உயிரணுக்கள் கிடைப்பதில்லை. அப்போது திரும்பவும் குத்த வேண்டியிருக்கும். தைராய்டு கட்டிகளில் ஒரு வகை உண்டு. அதில் தீங்கற்றதும் புற்றுநோயும் உயிரணு அளவில் ஒன்றுபோலவே இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள உறையை அவை உடைத்துக்கொண்டு போயிருந்தால்தான் புற்றுநோய். மாடு வேலியைத் தாண்டிவிட்டதா என்பதை மாட்டின் வாலைப் பிடித்துப் பார்த்துச் சொல்ல முடியாது; வேலியைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். அத்தகையவர்களில் பலருக்கு இன்றும் அறுவை தேவைப்படுகிறது. மருத்துவர்கள் ஆளுக்கொரு சொல்லால் முடிவெழுதியதால் நேர்ந்த குழப்பத்தை நீக்க, 2007இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டா நகரில் அறிஞர்கள் கூடினார்கள். அதன் பயனாக ஊசிச் சோதனையின் முடிவுகள் ஆறு வகைகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு வகைக்கும் அடுத்து என்ன செய்வது என்றும் வகுக்கப்பட்டது. இப்போது அல்ட்ராசவுண்டு திரையில் கட்டியையும் ஊசி முனையையும் பார்த்துக்கொண்டே குத்துவதால், குறி தவறுவதும் குறைந்துவிட்டது.

இந்த வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. தென் கொரியாவில் 1999க்குப் பிறகு, எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் பலர் கழுத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். தென்பட்ட சின்னஞ்சிறு கட்டிகளெல்லாம் சோதிக்கப்பட்டன. 2011இல் அங்கே தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம், 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. ஆனால் அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உயிருக்கு ஒருபோதும் ஆபத்து தராத சிறு கட்டிகளைத் தேடிப் பிடித்து அறுத்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். 2014இல் அந்நாட்டு மருத்துவர்களே எழுந்து எச்சரித்தார்கள். ஓராண்டுக்குள் அறுவைகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கத்தியைக் குறைக்க வந்த ஊசியே, அளவறியாமல் கையாண்டால், கத்தியைப் பெருக்கவும் கூடும். ஆகவே இன்று, ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டிகளைப் பெரும்பாலும் குத்தாமல், அவ்வப்போது பார்த்துவருகிறார்கள்.

நேயர்களே, இனி நாம் செய்ய வேண்டியது என்ன? கண்ணுக்குத் தெரியும் அல்லது கைக்குத் தட்டுப்படும் கட்டி கழுத்தில் இருந்தால், வலி இல்லையே என்று இருந்துவிட வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டி வேகமாக வளர்ந்தாலும், கல்போல் இறுகியிருந்தாலும், குரல் கரகரத்தாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ தடையிருந்தாலும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். ஊசிச் சோதனை வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் அஞ்ச வேண்டியதில்லை. தோளுக்கடியில் தலையணை வைத்து, கழுத்தை நிமிர்த்திப் படுக்கச் சொல்வார்கள். ஊசி உள்ளே இருக்கும் சில விநாடிகள் எச்சில் விழுங்காமல், பேசாமல் இருக்க வேண்டும். ஒரு பருக்கை போதாது என்று பானையில் இரண்டு மூன்று இடங்களில் பார்ப்பதுபோல், இரண்டு மூன்று முறை குத்தக்கூடும். சிறிது வலியும் கன்றலும் இருக்கலாம். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முடிவு வந்ததும், "இது எந்த வகை? எனக்கு அறுவை தேவையா? தேவையில்லையென்றால் மறுபடி எப்போது வர வேண்டும்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அன்று அந்தச் சுவிஸ் சிறுமியின் கழுத்தில் கத்தி வைத்தபோது, உள்ளே இருந்தது என்ன என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. இன்று வழி இருக்கிறது. அந்த வழியைத் திறக்க எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். எத்தனையோ பேர் தங்கள் உடம்பால் விலை கொடுத்திருக்கிறார்கள். துண்டைப் போட்டு மறைப்பதால் கட்டி போய்விடாது. அதில் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டால், அச்சத்தில் பாதியாவது போய்விடும்.