சுமத்ரா குலுங்கினால் சென்னை ஆடுவது ஏன்?

2012ம் ஆண்டு ஏப்ரல் 11ந் தேதி. புதன்கிழமை மதியம் 2 மணி தாண்டியதும் சென்னையில் மாடி ஆபீசுகளில் நாற்காலி ஆடியது. மின்விசிறி தானாக அசைந்தது. ஊழியர்கள் அலறியடித்துக் கொண்டு படிக்கட்டில் இறங்கி ரோட்டுக்கு ஓடி வந்தனர். ரோட்டில் நின்ற ஆட்டோ டிரைவர்கள் பலருக்கோ ஒன்றுமே தெரியவில்லை. 'என்ன சார் ஆச்சு?' என்று கேட்டனர்.

ஒரே ஊர், ஒரே நேரம். மாடியில் இருந்தவருக்கு தெரிந்தது, தரையில் நின்றவருக்கு தெரியாதது எப்படி?

அன்று நிலம் பிளந்தது இங்கே அல்ல. சுமார் 2 ஆயிரம் கிலோ மீட்டர் தள்ளி, இந்தோனேஷியாவின் சுமத்ரா தீவு அருகே கடலுக்கு அடியில். அவ்வளவு தூரம் வருவதற்குள் வேகமான சின்னச்சின்ன அதிர்வுகள் அடங்கி விடும். மெதுவாக ஆடும் நீண்ட அலைகள் மட்டும்தான் வந்து சேரும். உயரமான கட்டிடம் இயல்பாகவே மெதுவாக ஆடக்கூடியது. அந்த அலை அதை ஊஞ்சல் போல ஆட்டி விடும். குடிசைக்கும், ஓட்டு வீட்டுக்கும் அது உறைக்காது.

நகரும் தட்டுகள்

பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு கிடையாது. பல தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. நாம் இருக்கும் இந்தியத் தட்டு வருடத்துக்கு சுமார் 5 சென்டி மீட்டர் வடகிழக்காக நகர்கிறது. நகம் வளருகிற வேகம் என்று வைத்துக் கொள்ளுங்களேன். வடக்கே அது முட்டியதில் எழுந்ததுதான் இமயமலை. கிழக்கே சுமத்ரா, அந்தமான் பக்கம் பக்கத்து தட்டுக்கு அடியில் நுழைகிறது.

நுழையும் இடத்தில் பாறைகள் சிக்கிக் கொள்ளும். தட்டு நிற்காமல் தள்ளிக் கொண்டே இருக்கும். பல நூறு வருட அழுத்தம் ஒருநாள் திடீரென விடுபடும். அதுதான் பூகம்பம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை 6.28 மணிக்கு நடந்தது இதுதான். சுமார் 1,300 கிலோ மீட்டர் நீளத்துக்கு பிளவு. அளவு 9.1 புள்ளி. கடல் தரை எகிறியது. அதன் மேல் இருந்த தண்ணீரும் சேர்ந்து எழும்பி சுனாமியாக வந்தது.

2012ல் 8.6 புள்ளி. அரை புள்ளிதானே குறைவு என்று நினைக்க வேண்டாம். ஒரு புள்ளி கூடினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு. அரை புள்ளிக்கே 5 மடங்குக்கு மேல். அதோடு, அன்று பாறைகள் மேலே எழும்பவில்லை, பக்கவாட்டில் உரசிக் கொண்டன. அதனால்தான் பெரிய சுனாமி வராமல் தப்பித்தோம்.

நம்ம ஊர் எப்படி?

தட்டுகளின் ஓரத்தில் நாம் இல்லை, அதனால் பயமே இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. இது பாதிதான் சரி. தட்டின் நடுவிலும் பழைய விரிசல்கள் உண்டு. 1900ம் ஆண்டு பிப்ரவரியில் கோவை பகுதி குலுங்கியது. 1993ல் மகாராஷ்டிராவின் லாத்தூரில் சுமார் 10 ஆயிரம் பேர் பலியானார்கள். தட்டின் ஓரம் அங்கிருந்து வெகுதூரம். அங்கே ஆளைக் கொன்றது, மண் குழைத்துக் கட்டிய கனமான கல் சுவர். 2001 செப்டம்பரில் புதுச்சேரி அருகே கடலில் ஏற்பட்ட நடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. 2002ல் வந்த வரைபடத்தில் சென்னையை 2ம் மண்டலத்தில் இருந்து 3ம் மண்டலத்துக்கு மாற்றினார்கள்.

எந்த நாளில், எந்த ஊரில் பூகம்பம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. செல்போனில் தேதி போட்டு வரும் தகவல் எல்லாம் வதந்திதான்.

ஆடும்போது லிப்டில் ஏறக்கூடாது. கனமான மேஜைக்கு அடியில் புகுந்து தலையை மூடிக் கொள்ளுங்கள். ஆட்டம் நின்ற பிறகு படி வழியாக இறங்கி, சுவர், மின்கம்பத்தை விட்டு தள்ளி நில்லுங்கள். கடலை வேடிக்கை பார்க்க மட்டும் போகாதீர்கள்.

2004ல் நில அதிர்வுக்குப் பிறகு அலை சென்னை வந்து சேர 2 மணி நேரத்துக்கு மேல் ஆனது. சொல்லத்தான் ஆள் இல்லை. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2012ல் அங்கிருந்து எச்சரிக்கை வந்து, மெரினாவில் இருந்தவர்களை போலீசார் வெளியேற்றினர். அன்று மாலையே எச்சரிக்கை வாபஸ் பெறப்பட்டது.